லண்டனுக்கு ஆறு மணி நேரம் என்று சொன்னேன்

அன்றைக்கு வண்டியில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டியரிங்கில் நான்.

என் பக்கத்து சீட்டில் டேவிட். பெங்களூரில் கம்பெனி வேலை. விடியற்காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் வருகிறவன். நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தானே.

பின் சீட்டில் இடது பக்கம் அவன் அம்மா செசிலியம்மா. மடியில் ஜெபமாலை, கையில் போன்.

வலது பக்கம் அவன் அப்பா ஆரோக்கியசாமி. தங்கச் சுரங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் கீழே வேலை செய்தவர். சுரங்கத்தை மூடினபோது வெளியே வந்தார். உள்ளே போன கல்தூசி மட்டும் வெளியே வரவில்லை. நெஞ்சிலேயே தங்கிவிட்டது.

அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஆக்சிஜன் மெஷின். லேடீஸ் பேக் அளவுதான் இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் அவர் மூக்குக்குப் போகிறது. டக் டக் என்று மூச்சுக்கு மூச்சு சத்தம் போடும். அதையும் ஒரு ஆளாகத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது நின்றால் அவர் அரை மணி தாங்க மாட்டார்.

டாக்ஸி ஸ்டாண்டுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஏழாவது வரைதான். ரோடு, கியர், டயர் பற்றி எழுத மாட்டேன். அது உங்களுக்கே தெரியும். ஆண்டர்சன்பேட்டை ஸ்டாண்டிலிருந்து பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு நான் எத்தனை டிரிப் அடித்தேன் என்று கணக்கில்லை. அதில் ஒரு நாளை எழுதுகிறேன். தப்பு என்னுடையது.

ஆரோக்கியசாமியின் மகள் ஸ்டெல்லா இங்கிலாந்தில் நர்ஸ். அவளுக்கு அந்த சனிக்கிழமை கல்யாணம். அங்கேயே கோயிலில். அப்பா கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய்ப் பையனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இவருக்கும் அதே பிடிவாதம். டாக்டர் முடியாது என்றார். பிறகு யோசித்து, விமானத்தில் போகலாம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு ஒரு வாரத்துக்குத்தான் செல்லும். அடுத்த முறை கேட்டால் தரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். போனால் இப்போது. இல்லையென்றால் இல்லை.

விமானக் கம்பெனி ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது. மேலே கரன்ட் தரமாட்டார்கள். மெஷின் பேட்டரியில்தான் ஓட வேண்டும். பறக்கிற நேரம் எவ்வளவோ, அதற்கு ஒன்றரை மடங்கு பேட்டரி கையில் இருப்பதைக் கவுன்டரில் காட்ட வேண்டும். குறைந்தால் ஏற்ற மாட்டார்கள்.

டேவிட் இரண்டு வாரம் முன்பு ஸ்டாண்டுக்கு வந்தான். அப்பா அம்மாவுக்குத் தங்கை அனுப்பிய டிக்கெட் படத்தைப் போனில் காட்டினான். பாதிதான் தெரிந்தது. இங்கே கிளம்புவது மதியம் ஒன்று இருபது. அங்கே சேர்வது சாயந்திரம் ஏழரை.

"எத்தினி மணி நேரம்ண்ணே பறக்கும்? நீங்க நூறு பேர ஏத்தி உட்டிருப்பீங்க."

என்னிடம் ஒரு பாக்கெட் நோட்டு உண்டு. ஒவ்வொரு டிரிப்புக்கும் டிக்கெட்டில் இருக்கிற விமானம் கிளம்புகிற நேரம், சேர்கிற நேரம் இரண்டையும் குறித்துக்கொள்வேன். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பக்கத்தில் எழுதுவேன். வழியில் வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். "துபாய்க்கு எவ்ளோ நேரம்பா?" என்றால் சொல்வேன். சந்தோஷப்படுவார்கள். சரியா தப்பா என்று யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை. ஏர்போர்ட் வாசலோடு என் வேலை முடிந்தது.

அப்படியே கழித்தேன். "ஆறு மணி பத்து நிமிஷம்."

டேவிட் மனசிலேயே பெருக்கினான். ஒன்பதேகால் மணி நேரம். ஒரு பேட்டரி ஐந்து மணி நேரம் ஓடும். அவர்களிடம் இரண்டு இருந்தது. பத்து மணி நேரம். "போதும்ண்ணே" என்று போய்விட்டான். தங்கை போனில் கேட்டபோதும், ஒன்றரை மடங்குக்கு மேலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டான். அவளும் நம்பினாள்.

அந்தப் புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். மெஷினை வண்டி சாக்கெட்டில் செருகிவிட்டேன். வழியில் பேட்டரியைத் தொட வேண்டியதில்லை. பங்காருபேட்டை தாண்டும்போது ஆறரை. ரோடு காலி. மனசு லேசாக இருந்தது.

கோலார் ரோட்டில் ஏறியதும் செசிலியம்மா மகனிடம் பேச்சுக் கொடுத்தார்.

"டேவிட்டு, எறங்கினதும் போன் பண்றேன். தூங்கிடாத."

"ஏழரைக்குத் தானம்மா. முழிச்சிதான் இருப்பேன்."

"ஏழரை அவளுக்குடா. அவ ஏழரைக்கு டூட்டி முடிச்சிட்டுப் போன் பண்ணும்போது எனுக்கு நடுராத்திரி பன்னண்டு. தெனிக்கும் தூக்கத்துல எழுந்து பேசறது நானு."

டேவிட் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கு உறைக்கவில்லை.

எனக்கு உறைத்தது. அங்கே ஏழரை என்றால் இங்கே பன்னிரண்டு. டிக்கெட்டில் இருப்பது அந்த ஊர் கடிகாரம். ஒன்று இருபதிலிருந்து ராத்திரி பன்னிரண்டு வரை எண்ணினேன். பத்து மணி நாற்பது நிமிடம். பேட்டரி பத்து மணி நேரம். ஒன்றரை மடங்கு இல்லை. ஒரு மடங்கே இல்லை. கவுன்டரில் கண்டுபிடித்தால் அவர் போக முடியாது. கண்டுபிடிக்காமல் ஏற்றிவிட்டால் கடைசி நாற்பது நிமிடம் என்ன ஆகும்?



நான் வாயைத் திறக்கவில்லை. எங்கேயோ தப்பாக எண்ணிவிட்டேன் என்று திரும்ப எண்ணினேன். பத்து மணி நாற்பது. இன்னொரு தடவை எண்ணினேன். அதேதான். கண்ணாடியில் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். மெஷின் டக் டக் என்றது. டேவிட்டிடம் தனியாகச் சொல்லலாமா, ஏர்போர்ட் போய்ச் சொல்லலாமா, அங்கே ஏதாவது கிடைக்குமா என்று என்னென்னவோ ஓடியது. கோலார் வந்துவிட்டது. பதினொரு கிலோமீட்டர் சும்மா ஓட்டியிருக்கிறேன்.

இதைக் கவனமாகப் படியுங்கள். கணக்கு தப்பியது முதல் தப்பு. அதற்கு என்னை மன்னிக்கலாம், ஏழாவது படித்தவன். அந்தப் பதினொரு கிலோமீட்டருக்கு மன்னிப்புக் கிடையாது. அதில் என்ன போனது என்று பிறகு சொல்கிறேன்.

கோலார் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். இஞ்சினை அணைக்கவில்லை, மெஷினுக்காக.

"டேவிட்டு, நான் சொன்ன நேரம் தப்பு. ஆறு இல்ல. பத்து மணி நாப்பது."

அவன் முதலில் சிரித்தான். பிறகு போனை எடுத்துக் கணக்குப் போட்டான். முகம் மாறியது.

"அண்ணே, இன்னாண்ணே இது? பதினாறு மணி நேரத்துக்குப் பேட்டரி வேணும். பத்துக்குத்தான் கீது. இப்ப வந்து சொல்றீங்க?"

"ஆமா. இப்பத்தான் தெரிஞ்சது."

"எப்ப?"

"பங்காருபேட்டை தாண்டி."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

நான் கியரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"உங்களப் போயி கேட்டேன் பாரு! எங்கப்பா உயிரு உங்களுக்கு நோட்டுல கழிக்கிற கணக்கா?"

செசிலியம்மா ஜெபமாலையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். "என்ன ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ரெண்டு வருசமா அந்த நேரத்துக்கு எழுந்துக்கறவ நான்தானே."

உண்மை. பள்ளிக்கூடம் போகாத அந்த அம்மாவுக்கு லண்டன் நேரம் கையில் இருந்தது. நாங்கள் இரண்டு ஆம்பிளைகள் ஸ்டாண்டில் நின்று கணக்குப் போட்டோம்.

டேவிட் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். ஆரோக்கியசாமி கையைத் தூக்கினார். அவர் இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு எடுப்பார்.

"கேஜ் கீழ போகச்சொல்ல... பெல்லத் தப்பா அடிச்சவன... அங்கயே திட்டமாட்டோம். மேல வந்து... திட்டுவோம். இப்ப இன்னா செய்யணும்... அத்தப் பேசு."

கேஜ் என்பது சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற கூண்டு; பெல் அடித்துத்தான் அதை இறக்குவார்கள், ஏற்றுவார்கள்.

பேட்டரி வாங்கிய கடை பெங்களூர் நடுவில் இருக்கிறது. டேவிட் போன் போட்டான். எடுக்கவில்லை. திறப்பது பத்தரைக்கு. பத்தரைக்கு ஷட்டர் தூக்கி, சரக்கு இருந்து, வாங்கிக்கொண்டு அந்த டிராஃபிக்கில் ஏர்போர்ட் போய்ச் சேரப் பன்னிரண்டரை ஆகிவிடும். கவுன்டர் பன்னிரண்டு இருபதுக்கு மூடிவிடும்.

"கடைக்கே போலாம்ண்ணே. வாசல்ல நிப்போம். சீக்கிரம் தொறந்தாலும் தொறப்பான்."

"வேணாம். பூட்டின கடைய நம்பி வண்டியத் திருப்ப மாட்டேன். இதே பேட்டரி வேற யார்கிட்ட கீது?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். "முனுசாமி."

நம் ஊர் பாலகாட்டில் இருக்கிற முனுசாமி. ஆரோக்கியசாமியோடு சுரங்கத்தில் ஒரே லெவலில், அதாவது ஒரே ஆழத்தில், ஒரே ஷிஃப்டில் வேலை செய்தவர். ஒரே தூசி. ஒரே கடையில் ஒரே நாளில் இரண்டு பேரும் மெஷின் வாங்கினார்கள். முனுசாமி வீட்டை விட்டு வெளியே போவதில்லை. மெஷினைச் சுவரில் செருகி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கரன்ட் போனால்தான் பேட்டரி. அவரிடமும் இரண்டு உண்டு.

இப்போது மணி ஆறு ஐம்பத்தைந்து. திரும்பிப் போய் வாங்கி வரலாமா என்று டேவிட் கேட்டான். நான் கணக்குப் போட்டேன். திரும்பிப் போக ஒரு மணி, மறுபடி கோலார் வர ஒரு மணி. அதற்குள் பெங்களூர் போகிற ஒசகோட்டை ரோடு நிறைந்துவிடும்.

"உன் ரயிலு இருக்குதே," என்றேன்.

நம் ஊர் ரயில் சங்கதி உங்களுக்குத் தெரியும். சீசன் டிக்கெட்காரர்கள் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கூட்டம். சாப்பாட்டுக் கேரியர், மறந்துபோன சாவி, மருந்து, பிள்ளையின் பரீட்சை ஹால் டிக்கெட், எது வேண்டுமானாலும் ஜன்னல் வழியாகக் கொடுத்தால் எந்த ஸ்டேஷனில் எவனிடம் சேரவேண்டுமோ சேர்ந்துவிடும். ஒரு பொருள் தொலைந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

டேவிட்டுக்குப் பிடிபட்டது. கடிகாரத்தைப் பார்த்தான். பல்லைக் கடித்தான்.

"ஆறு ஐம்பத்தெட்டு வண்டி போயிடும்ண்ணே. மூணு நிமிஷத்துல அங்க யாரு ஸ்டேஷனுக்கு ஓடறது? அடுத்தது ஏழு முப்பத்தஞ்சு."

அந்தப் பதினொரு கிலோமீட்டரில் போனது அந்த ரயில்தான். பங்காருபேட்டை தாண்டியதும் வாயைத் திறந்திருந்தால் பிடித்திருக்கலாம். முப்பத்தேழு நிமிஷம் போய்விட்டது.  டேவிட் போனை அப்பாவிடம் நீட்டினான்.

ஆரோக்கியசாமியே பேசினார். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"மச்சான்... பேட்டரி ஒன்னு வேணும்."

"இன்னாடா, லண்டன் போறவன் பாலகாட்டுல வந்து பிச்சை எடுக்கற?"

டேவிட் போனை வாங்கி விஷயத்தைச் சொன்னான். அந்தப் பக்கமும் மெஷின் டக் டக் என்றது. பிறகு முனுசாமி, "மருமவ ஸ்டேஷனுக்கு வருவா. எந்தப் பொட்டின்னு சொல்லு" என்றார்.

ஒன்று கேட்டால் பதினைந்து மணி நேரம்தான் ஆகும். பதினாறு வேண்டும். ஒரு மணி நேரத்தைக் கவுன்டரில் கெஞ்சிப் பார்க்கலாம் என்று டேவிட் சொன்னான். இரண்டையும் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

எட்டரைக்கு, அந்த ரயில் வரும் வழியில் பெங்களூர் ஓரத்தில் இருக்கிற வைட்ஃபீல்ட் ஸ்டேஷன் வாசலில் நின்றோம். ரயில் ஒன்பது ஐந்துக்கு வர வேண்டும். ஒன்பது ஐந்து ஆனது. வரவில்லை. டேவிட்டின் ரயில் சிநேகிதன் போன் செய்தான். மாலூர் தாண்டி நிறுத்திவிட்டார்களாம். எக்ஸ்பிரஸ் ஒன்று முந்திப் போக வேண்டுமாம். பை அவன் மடியில் பத்திரமாக இருக்கிறதாம்.

ஒன்பது இருபது. நான் வண்டியின் மூக்கை ரோட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். வேறு செய்வதற்கு ஒன்றுமில்லை. செசிலியம்மா ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்று ஆரம்பித்தார்.  ஆரோக்கியசாமி ஒருமுறை மணி என்ன என்றார். சொன்னேன். தலையாட்டினார்.

இந்த மாதிரி நேரத்தில் டிரைவருக்கு வாய் துறுதுறுக்கும். தைரியம் சொல்ல வேண்டும் போல இருக்கும். சொல்லாதீர்கள். காலையில் ஒரு தப்பு நேரம் சொன்னவன் மறுபடி ஒரு நேரம் சொன்னால் அவர்கள் நம்பவும் முடியாது, திட்டவும் முடியாது. நான் டயரைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்தேன்.

ஒன்பது நாற்பத்திரண்டுக்கு டேவிட் படியில் ஓடி வந்தான். துணிப்பையைப் பின் சீட்டில் நீட்டினான். ஆரோக்கியசாமி திறந்து பார்த்தார். முகம் சிவந்தது.

"ரெண்டு கீது."

மறுபடி போன் போடச் சொன்னார்.

"மச்சான்... ரெண்டையும் குடுத்துட்டியா?"

"கேட்டது நீ. குடுத்தது நானு. அப்பறம் இன்னா பேச்சு?"

"உனுக்கு?"

"எனுக்கு இன்னொன்னு கீதுடா. பையன் போன மாசம் வாங்கியாந்தான். நீ பேசி மூச்ச வேஸ்ட் பண்ணாத. போயி பொண்ணு கையப் புடி. அங்க குளுராம், மஃப்ளர் கட்டிக்க. கொரங்கு மாதிரி இருப்ப, பரவால்ல."

ஆரோக்கியசாமி சிரிக்கப் போய் இருமினார். இருமல் நிற்க நேரமானது. நான் ஓட்ட ஆரம்பித்துவிட்டேன்.

பூதிகெரே கிராஸில் லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நின்றது. முக்கால் மணி நேரம். அதை எழுதி உங்களை அலுப்பாக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். டேவிட் குறுக்குச் சந்தில் திருப்பச் சொன்னான். மண் ரோடு, எனக்குப் பழக்கமில்லை. போன் மேப்பில் காலி ரோடு என்று பச்சையாகக் காட்டியது. நான் திருப்பவில்லை. நின்ற வரிசை நகர்ந்தபோது அந்தச் சந்திலிருந்து நான்கு வண்டி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது.

பதினொன்று நாற்பதுக்கு ஏர்போர்ட். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். வீல்சேர்க்காரர் வந்தார். மெஷினை வண்டி சாக்கெட்டிலிருந்து எடுத்துப் பேட்டரி மாட்டினோம். கவுன்டரில் பேச வேண்டியது செசிலியம்மா. டேவிட் மறுபடி மறுபடி சொல்லிக் கொடுத்தான்.

"போதும்டா. பறக்கறது பத்து மணி நாப்பது. ஒன்றரை மடங்கு பதினாறு. நம்மகிட்ட கீறது நாலு பேட்டரி, இருவது. எண்ணிப் பாரும்மான்னு கவுன்டர் பொண்ணு முன்னாடி வைக்கிறேன். சரியா?"

ஆரோக்கியசாமி போகும்போது என் பக்கம் திரும்பினார்.

"மேல வந்ததும்... திட்டறேன்."

"சரிங்க."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நானும் டேவிட்டும் நின்றோம். அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.  பன்னிரண்டு பத்துக்குப் போன் வந்தது. செசிலியம்மா ஒரே வார்த்தை சொன்னார். "வுட்டுட்டாங்க."

டேவிட் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

வண்டியை எடுத்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பன்னிரண்டு முப்பது. டேவிட் போன் அடித்தது. முனுசாமியின் மருமகள். அழுகைக் குரல்.

"அண்ணா, மாமா சொன்னது பொய்யி. மூணாவது பேட்டரி ஒன்னும் கெடையாது. காலைல பத்து மணிலருந்து கரன்ட் இல்ல. லைன் வேலையாம், அஞ்சு மணி வரைக்கும் வராது. நேத்தே மெசேஜ் வந்தது, மாமாவுக்குத் தெரியும். வீட்டு ஆக்சிஜன் சிலிண்டர்ல பாதி இருந்தது, அத்தத்தான் வெச்சிகினு கீறாரு. அதோட மீட்டர் முள்ளு செவப்புக்கு வந்துட்டுது. ஆட்டோக்காரன் இப்படி இருக்கறவர ஏத்த மாட்டேன்றான். உங்கப்பாகிட்ட சொல்லாதன்னு என்ன மெரட்டறாரு."

கரன்ட் போகும் என்று தெரிந்தே இரண்டையும் கொடுத்திருக்கிறார்.

டேவிட் போனை வைத்ததும் அடுத்த நம்பரை அழுத்தப் போனான். அப்பா நம்பர். நான் கையைப் பிடித்தேன்.

"வேணாம்."

"பேட்டரியத் திருப்பிக் குடுக்கணும்ண்ணே. இன்னும் ஏறல அவங்க."

"உங்கப்பாகிட்ட சொன்னா இன்னா பண்ணுவாரு?"

"எறங்கிடுவாரு."

"எறங்கி, அந்தப் பேட்டரி பாலகாட் போய்ச் சேர எத்தினி மணி ஆவும்?"

நூறு கிலோமீட்டருக்கு மேல். மூன்று மணிக்கு முன்னால் முடியாது. முள் அதுவரை நிற்காது. அவர் இறங்கினால் கல்யாணம் போகும், முனுசாமிக்கும் உதவாது. டேவிட் போனைக் கீழே வைத்தான்.

காலையில் பேசாதது தப்பு. இப்போது பேசினால் தப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்பீர்கள். காலையில் சொன்னால் அவர்களால் ஏதாவது செய்ய முடியும். மதியம் சொன்னால் அவரால் கெடுக்க மட்டும்தான் முடியும். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

நான் வண்டியை ஓரம் கட்டினேன். சாக்கெட்டைப் பார்த்தேன். காலையிலிருந்து ஐந்தரை மணி நேரம் ஆரோக்கியசாமி மூச்சு விட்டது அதில்தான். முனுசாமியிடம் இருப்பதும் அதே மெஷின். அதே பெட்டியில் அதே வண்டி ஒயர் இருக்கும். வெளியே போகாத மனுஷன், பிரித்தே இருக்க மாட்டார்.

ஸ்டாண்டுக்குப் போன் போட்டேன். பாஷா எடுத்தான். நீங்கள் இப்போது பாஷா பாய் என்று கூப்பிடுகிறீர்களே, அவன்தான்.

"பாஷா, எங்க கீற?"

"ஸ்டாண்டுல. சாப்பாடு பிரிச்சிட்டேண்ணே."

"மூடு. பாலகாட் முனுசாமி வீடு தெரியுமா?"

"தெரியும். இன்னாண்ணே?"

"போ. மருமவகிட்ட மெஷின் பெட்டியக் கேளு. அதுல வண்டி ஒயர் இருக்கும். சிகரெட் லைட்டர்ல செருகு. அவர உள்ள ஒக்கார வெச்சி மெஷினப் போடு. இஞ்சின நிறுத்தாத. அஞ்சு மணிக்குக் கரன்ட் வர வரைக்கும் நிறுத்தாத. டீசல் இருக்கா?"

"காலைலதான் போட்டேன்."

"போ."

வேறெதுவும் அவன் கேட்கவில்லை. யார் காசு, எவ்வளவு நேரம், எதுவும் இல்லை. பதினாறு நிமிஷத்தில் மருமகள் போன் செய்தாள். முள் அடியில் படுத்துவிட்டதாம். உதடு நீலமாகிவிட்டதாம். ஒயர் பெட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் பிரிக்காமல் இருந்ததாம். மெஷின் டக் டக் என்று ஓடுகிறதாம். போனை அருகில் வைத்துக் கேட்க வைத்தாள். கேட்டோம்.

டேவிட் அப்போதுதான் என்னிடம் கோபமில்லாமல் பேசினான். "மெதுவா போலாம்ண்ணே."

மெதுவாகப் போகவில்லை. போகும் வழியில் நகரத்துக்குள் நுழைந்து அந்தக் கடையில் இரண்டு பேட்டரி வாங்கினோம். விமானம் கிளம்புகிற ஒன்று இருபதுக்குக் கடை வாசலில் நின்றிருந்தோம். டேவிட் வானத்தைப் பார்த்தான். அங்கிருந்து எதுவும் தெரியாது. இருந்தாலும் பார்த்தான்.

டிராஃபிக்கைத் தாண்டிப் பாலகாட் போய்ச் சேரும்போது மணி நான்கே முக்கால். வீட்டு வாசலில் பாஷாவின் வண்டி இல்லை.  மருமகள் வெளியே வந்து, "சுத்தினு கீறாங்க" என்றாள்.

நின்ற இடத்தில் இஞ்சின் ஓடுவது முனுசாமிக்குப் பிடிக்கவில்லையாம். "சும்மா எரிக்கிற டீசல்ல எங்கயாவது ஓட்டேண்டா" என்றாராம். மூன்று வருஷமாகத் தெரு முனையைக்கூடப் பார்க்காதவர். பாஷா ஓட்டிக்கொண்டே இருக்கிறான்.

ஐந்தாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது வண்டி வந்தது. முன் சீட்டில் முனுசாமி. மடியில் மெஷின். கையில் பாதி தின்ற பன்.

நான் கதவைத் திறந்தேன். பேட்டரியை மெஷினில் மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. பாஷா அப்போதுதான் இஞ்சினை அணைத்தான். திடீரென்று அவ்வளவு அமைதி.

டேவிட்டுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. "இன்னா மாமா இது? செத்துகித்துப் போயிருந்தா?"

"செத்தா நடுவுல ஒரு நாளு லீவு போட்டு வந்திருப்ப. உங்கப்பன் ஏறிட்டானா?"

"ஏறிட்டாரு."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லாத. அவன் வந்ததும் நானே சொல்றேன். திட்டுவான், கேக்கணும்." என் பக்கம் திரும்பினார். "எத்தினி மணி நேரம் டிரைவரே, லண்டனு?"

"பத்து மணி நாப்பது நிமிஷம்."

"கரெக்டா?"

"இப்ப கரெக்ட்டு."

"எவ்ளோ தூரம்?"

அதை டேவிட் சொன்னான். எட்டாயிரம் கிலோமீட்டர். முனுசாமி அதை வாயில் போட்டு மென்றார். ஒரே லெவலில் வேலை செய்த இரண்டு பேர். கீழே மூன்று கிலோமீட்டர் போனதுதான் அவர்கள் போன தூரம். அதுவும் சேர்ந்து.

"நாலு மணி நேரமா நானும் வண்டிலதான் கீறேன். பாலகாட்டு, ஊரிகம், சாம்பியன், மாரிக்குப்பம், ஆண்டர்சன்பேட்டை. அப்பறம் மறுபடி பாலகாட்டு. அவன் எட்டாயிரம் போறான். நான் எவ்ளோ போயிருக்கேன், பாரு பாஷா."

பாஷா குனிந்து டிரிப் மீட்டரைப் பார்த்தான்.

எழுபத்து மூன்று.